இடப்பக்க வெல்டிங்

வல்லரசு ஒரு பழைய எக்ஸ்எல் மொபெட்டைப் பம்ப்செட் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, காருக்கு முன்னால் நிறுத்தினான்.

கோபி கிரைண்டரை அணைத்தான்.

"இந்த உயரத்துக்கு வரணும்," என்றான் வல்லரசு. மொபெட்டின் பின்சக்கர அச்சில் விரலை வைத்துக் காட்டினான்.

கோபி போட்டிருந்த அளவு வேறு. காரின் மூக்கை ஒட்டி வளைந்து, இரண்டு விளக்குகளுக்கும் கீழே மெலிந்து முடிகிற பம்பர். அட்டையில் வெட்டி, ஒட்டிப் பார்த்து, திருத்தி வெட்டி வைத்திருந்தான். புதுச்சேரியில் பழைய கார்கள் அணிவகுப்பு வருகிறது, அதற்குப் புது முகம் வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். கோபி அதை நம்பி இரும்புக்கடைக்குப் போனான். மயிலத்தில் மெக்கானிகல் டிப்ளமா படித்தவன். படித்ததற்கு இதுவரை கிடைத்த வேலைகளில் இதுதான் அவனுக்குப் பிடித்திருந்தது.

கார் ஒரு சிவப்பு ட்ரையம்ப். இரண்டே இருக்கை. கூரை கிடையாது. அப்பா புதுச்சேரியில் ஏலத்தில் எடுத்தது. அவர் செத்தபின் வல்லரசு ஓட்டினான். கோலியனூரைச் சுற்றிப் பெண்ணழைப்பு என்றால் அந்தக் கார்தான் போகும். அக்கா இளவரசியும் அதில்தான் மண்டபத்துக்குப் போவாள் என்று வீட்டில் பேச்சு இருந்தது. அவள் திண்டிவனம் பஸ்ஸில் போனாள். கூடப் போனவன் இருதயராஜ். அவனுடைய அம்மாவும் அப்பாவும் இவர்கள் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கிக் கடலை ஆய்ந்தவர்கள்.

இருதயராஜிடம் இருப்பதும் எக்ஸ்எல்தான்.

"எதுக்குண்ணா இந்த உயரம்?"

"தெரியாத மாதிரி கேக்காத."

பிறகு வல்லரசே சொன்னான். மடை திருப்புவதைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னான். இருதயராஜ் மயிலத்துக்குப் பக்கத்தில் தரைக்கல் கம்பெனியில் வேலை செய்கிறான். தினமும் காலையில் திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வந்து மயிலம் ரோட்டில் திரும்புவான். கார் பழைய வண்டி, பின்னாலிருந்து மோதிவிட்டு பிரேக் பிடிக்கவில்லை என்றால் யாரும் நம்புவார்கள். ஆனால் பழைய பம்பர் வெறும் பளபளப்புத் தகடு. அனந்தபுரத்தில் ஒரு நாய் மோதியதற்கே ரேடியேட்டர் ஒழுகி ரோட்டில் நிற்க வேண்டி வந்தது. இந்த முறை ரோட்டில் நிற்கக் கூடாது. அதனால்தான் இரும்பு.

கோபி கிரைண்டரைக் கீழே வைத்தான். தன்னால் முடியாது என்றான்.

வல்லரசு வெல்டிங் மெஷினைப் போட்டான். ராடை எடுத்துப் பம்பரின் நடுவில் தானே ஒரு கோடு ஓட்டினான். கோணலாக வந்தது. ராடை வீசிவிட்டுக் கோபியின் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை அந்தக் கோட்டின் மேல் வைத்து அழுத்தினான். மேலே தன் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

கோபியின் கால் மடங்கியது. அவன் கத்தியதில் வரப்பில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. வல்லரசு கையை எடுத்தபோது தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"வலது கை நல்லாத்தான இருக்கு," என்றான் வல்லரசு. "வேலைய முடி."

அம்மா வெள்ளையம்மாள் வந்தாள். மகனின் கையைத் திருப்பிப் பார்த்தாள். மருந்து பூசி, கிழிந்த வேட்டித் துணியால் கட்டினாள். முடிச்சுப் போட்டுவிட்டு, "அண்ணன் சொல்றத செய்யி," என்றாள். "இனிமே அவ என் வயித்துல பொறந்தவ இல்ல."

கோபி அன்று கரும்புக் கொல்லைக்குள் நின்று அக்காவுக்குப் போன் செய்தான். எங்கேயாவது போய்விடுங்கள் என்றான். இளவரசி கேட்டுக்கொண்டாள். அழவில்லை. ஏற்கெனவே இரண்டு வீடு மாறியாகிவிட்டது, போலீசிலும் சொல்லியாகிவிட்டது, பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள் என்றாள். இருதயராஜிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார், சின்ன வயசில் சேர்ந்து கிணற்றில் குதித்தவர்கள் கொல்ல மாட்டார்கள் என்கிறார் என்றாள்.

கடைசியில், "நாங்க ஓட மாட்டோம்டா," என்றாள். "நீ அங்கதான இருக்க. நீ நிறுத்து."

மறுநாள் மும்முனை கரண்ட் வந்ததும் கோபி வேலையைத் தொடங்கினான். உயரத்தை அண்ணன் கேட்டபடி வைத்தான். இரும்பைக் காரின் அடிச்சட்டத்தோடு பிடிக்கிற தாங்கிகள் இரண்டு. வலப்பக்கத் தாங்கியை முழுக்க வெல்டிங் ஓட்டினான். வல்லரசு நின்று பார்த்தான். சுத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாய்ச்சப் போனான்.

இடப்பக்கத் தாங்கிக்குக் கோபி மூன்று டேக் மட்டும் வைத்தான். டேக் என்பது இரும்பை அசையாமல் நிறுத்த வைக்கிற ஒரு சொட்டு. அதற்கு மேல்தான் முழு வெல்டிங் ஓட வேண்டும். அவன் ஓட்டவில்லை. மேலே பட்டி பூசினான். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தான். மறுபடி பூசினான். கறுப்பு பெயின்ட் அடித்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. இடது பக்கம் இன்னும் அழகாகவே இருந்தது.

அவன் கணக்கு எளிது. கேட்டுக்கு வெளியே வாய்க்கால் பாலம் இருக்கிறது. அதில் இறங்கும்போது வண்டி குலுங்கும், பம்பர் விழும். அண்ணன் அடிப்பான். கையை உடைப்பான். மறுபடி செய்ய நாள் ஆகும். அதற்குள் கரும்பு வெட்டு வரும், மழை வரும், ஏதாவது வரும்.

பூசை போடாமல் வல்லரசு வண்டியை எடுக்க மாட்டான். புது டயர் மாற்றினாலும் முனீஸ்வரனுக்குச் சேவல் அறுக்கிற வீடு அது. இதற்கும் அறுக்க வேண்டும் என்றான். விடிகாலையில் காரைக் கொல்லைமேட்டு முனீஸ்வரன் கல்லுக்கு எதிரே நிறுத்தினார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தார்கள். வெள்ளையம்மாள் பம்பர் முழுக்கச் சந்தனம் வைத்து, வேப்பிலை கட்டினாள். வல்லரசு கரும்பு வெட்டும் கத்தியால் சேவலை ஒரே வெட்டாக வெட்டினான். துடிக்கிற உடலைத் தலைகீழாகப் பிடித்துப் பம்பரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தான். ரத்தம் கறுப்பின் மேல் தெரியவில்லை. கீழே மண்ணில்தான் தெரிந்தது.

தேங்காய் உடைக்க வேண்டும். கற்பூரம் ஏற்றிச் சுற்றினான். பிறகு கல்லில் உடைக்காமல் பம்பரைப் பார்த்தான்.

"இதுலயே உடைக்கறேன். தாங்குதான்னு பாக்கலாம்."

கோபி, பெயின்ட் போய்விடும் என்றான்.

"பெயின்ட்டுக்கா பயப்படற?"

வல்லரசு ஓங்கி அடித்தான். தேங்காய் இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் அவன் முகத்தில் தெறித்தது. அவன் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள்.

இடது முனையில் பட்டி வெடித்திருந்தது. தாங்கி சேருமிடத்தில் முடி அகலத்துக்கு ஒரு கோடு. அதற்குள் சாம்பல் நிறம். வல்லரசு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துண்டு இறங்கினால் பார்த்துவிடுவான்.

கோபி குங்குமத் தட்டை எடுத்தான். மூன்று விரலால் அள்ளி அந்தக் கோட்டின் மேல் அழுத்தினான். அந்தப் பக்கம் குங்குமம் வைக்க விட்டுப்போச்சு என்றான். வலது முனைக்கும் போய் அதே அளவு வைத்தான்.

வல்லரசு பார்த்தான். சந்தோஷப்பட்டான். தம்பியின் தோளைத் தட்டினான். கத்தியை இருக்கைக்குப் பின்னால் எறிந்துவிட்டு ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தான்.

"ஏறு."

கோபி நின்றான்.

"நீ செஞ்சது. நீ பாக்க வாணாமா? ஏறுடா."

வெள்ளையம்மாள் சின்ன மகனின் நெற்றியிலும் குங்குமம் வைத்தாள். சுருக்க முடிச்சுக்கினு வாங்க, இட்லிக்கு ஊத்தி வைக்கறேன் என்றாள்.

கோபி ஏறினான்.

வாய்க்கால் பாலத்தில் பம்பர் விழவில்லை. கார் மிகவும் தாழ்ந்தது என்பதால் வல்லரசு மேடு பள்ளத்தில் குறுக்காக, மெதுவாக இறக்குவான். அதைக் கோபி கணக்கில் சேர்க்கவில்லை. ரயில்வே கேட்டிலும் விழவில்லை. விழுப்புரம் தாண்டி நெடுஞ்சாலை ஏறியதும் ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. காற்று வேப்பிலையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. கோபி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது முனையையே பார்த்தான். அவன் வாழ்க்கையில் வைத்த டேக்கிலேயே நல்ல டேக் அதுதான் என்று தெரிந்தது.

கூட்டேரிப்பட்டில் மயிலம் ரோட்டுக்குத் திரும்பி, மூடிக் கிடந்த ஒரு கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வல்லரசு இன்ஜினை அணைக்கவில்லை. பிள்ளையாக இருந்தபோது இருதயராஜ்தான் இந்தக் காரைக் கழுவுவான் என்று திடீரென்று சொன்னான். நல்லாக் கழுவுவான் என்றான்.

கோபி அப்போது சொல்லிவிட நினைத்தான். இடது பக்கம் வெல்டிங் இல்லை என்று. வாயைத் திறந்தான்.

எக்ஸ்எல் அவர்களைக் கடந்து போனது. முன்பக்கத் தட்டில் சாப்பாட்டுப் பை. இருதயராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

வல்லரசு கியர் போட்டான்.

ரோட்டில் வேறு யாரும் இல்லை. ஐம்பது. அறுபது. கோபி ஹாரனை அடிக்கக் கை நீட்டினான். வல்லரசு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் புறங்கையால் அவன் மூக்கில் அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் கோபிக்குத் தலைக்குள் கேட்டது. எண்பது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. இருதயராஜ் பிரேக் பிடித்து, மெல்ல ஏறி, இறங்கினான். அவன் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது தெரிந்தது. வல்லரசு அந்த முதுகை மட்டும் பார்த்தான். வேகத்தடையைப் பார்க்கவில்லை.

கார் எகிறி விழுந்தது. டேக் விட்டுப் பம்பரின் இடது முனை ரோட்டில் குத்தியது. வலது பக்கம் விடவில்லை. இரும்பு திரும்பி இடது சக்கரத்துக்கு அடியில் போனது. கோபி வானத்தைப் பார்த்தான். பிறகு ரோட்டை. பிறகு மல்லாட்டைச் செடிகளை.

அவன் எழுந்தபோது கார் மல்லாட்டைக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வல்லரசு மார்புவரை வெளியே இருந்தான். கதவின் விளிம்பு அவன் வயிற்றில் இறங்கியிருந்தது. வாயிலிருந்து ரத்தம் குமிழாக வந்தது. கண் திறந்திருந்தது.

இருதயராஜ் மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். கோபியைப் பார்த்தான். காரைப் பார்த்தான். மண்ணில் கிடந்த வேப்பிலையையும் குங்குமத்தையும் பார்த்தான். அந்த வீட்டுப் பூசையைத் தெரிந்தவன்; அவனுக்கு விளங்கிவிட்டது.

"என்னத் தேடிக்கினுதான் வந்தீங்களா?" என்றான்.

கோபி தலையசைத்தான்.

இருதயராஜ் ரோட்டுப் பக்கம் போனான். அப்படியே போய்விடுவான் என்று கோபி நினைத்தான். கார் உருண்டதில் வலது பக்கமும் பிய்ந்து கிடந்த பம்பரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். வரப்புக் கல் ஒன்றைப் புரட்டி வைத்து, பம்பரின் ஒரு முனையைக் கதவுக்கு அடியில் கொடுத்தான்.

"நீ இத அழுத்திப் புடி மச்சான். நான் இழுக்கறேன்."

கோபி மறுமுனையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினான். வெந்த கையில் கட்டு நனைந்தது. இரும்பு வளையவில்லை. நல்ல இரும்பு. கார் ஒரு சாண் எழும்பியது. இருதயராஜ் வல்லரசின் தலைமாட்டில் முழங்காலிட்டு, அக்குளில் கை கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு இழுத்தான். வல்லரசு கொஞ்சம் வந்தான். அவன் வலது கை விடுபட்டது.

கை காருக்கு அடியில் போனது. வெளியே வந்தபோது கத்தி இருந்தது. சேவலின் இறகு ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

முதல் வீச்சு இருதயராஜின் தோளில் விழுந்தது. சட்டை பிளந்து வெள்ளையாகச் சதை தெரிந்து பிறகு சிவந்தது. அவன் நிமிரவில்லை. கார்த் தகரம் கிழித்துவிட்டது என்று நினைத்தான். "தகரம் இருக்குது, பாத்து," என்று வல்லரசுக்குச் சொல்லிவிட்டு மறுபடி இழுத்தான்.

வல்லரசு தம்பியைப் பார்த்தான்.

"உடாதடா," என்றான். "அழுத்திப் புடி."

கத்தி மறுபடி உயர்ந்தது. இருதயராஜின் பிடரி குனிந்திருந்தது.

கோபி இரண்டு கையையும் எடுத்தான்.

கார் இறங்கியது. பெரிய சத்தம் இல்லை. கத்தி செடிகளுக்குள் விழுந்தது. இருதயராஜ் வெறும் கையோடு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். வல்லரசின் அசையாத முகத்தைப் பார்த்தான். பிறகு கத்தியை. பிறகு தன் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள்.

இருதயராஜ் கோபியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"கை வழுக்கிடுச்சு," என்றான். "யார் கேட்டாலும் அதச் சொல்லு மச்சான்."

"வழுக்கல மாமா," என்றான் கோபி.