பழைய ரீமர்

துப்பாக்கி செய்வது என் தொழில். சுடும் போட்டிக்காக எனக்கும் என் சகலைக்கும் ஆளுக்கொன்று செய்தேன். தோட்டா உட்காரும் அறையை இரண்டிலும் நான்தான் குடைந்தேன். குடையும் கருவியான ரீமரில் புதியதை எனக்கு வைத்துக்கொண்டு, தீட்டித் தீட்டித் தேய்ந்த பழசை அவனுக்குப் போட்டேன். மாமனார் வீட்டில் முதல் மரியாதை எப்போதும் அவனுக்குத்தான். இதிலாவது பின்னால் நிற்கட்டும்.

போட்டியில் அவன் சுட்ட ஐந்தும் ஒரே துளையில் விழுந்தன. என்னுடையவை திசைக்கொன்றாகப் போயின.

துடைத்துத் தருகிறேன் என்று அவனுடையதை வாங்கிவந்து, இரண்டு அறைகளையும் அளந்தேன். அவனுடையது மயிரிழை சின்னது. அதில் தோட்டா ஆடாமல் குழலுக்கு நேராக நிற்கிறது, என்னுடையதில் சரிந்து கிடக்கிறது. தீட்டத் தீட்ட ரீமர் சிறுக்கும் என்பது இருபது வருஷமாக எனக்குத் தெரியும். வயிற்றெரிச்சலில் மறந்து தொலைத்திருக்கிறேன்.

மறுநாள் மாமனார் வீட்டில், எல்லோர் முன்னாலும் சகலை என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லதை எனக்குக் குடுத்துட்டு, சுமாரானதை நீங்க வச்சுக்கிட்டீங்க. கூடப்பிறந்த அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டாரு."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக மாமனார் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதுவும் அவன் போட்ட பிச்சை.