உலகம் அழியப்போன புதன்கிழமை

எண்பத்திரண்டாம் வருஷம் மார்ச் பத்தாம் தேதி உலகம் அழியப்போகிறது என்று மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முடிவே கட்டிவிட்டார்கள். எதனால் அழியும் என்பதில்தான் தகராறு. கிரகமெல்லாம் ஒரு பக்கமாகத் திரண்டு பூமியைப் பிளந்துவிடும் என்றார் எழுபது தாண்டிய ராமையா. அதெல்லாம் சும்மா, ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் அணுகுண்டு போட்டு முடித்துவிடுவார்கள் என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் பாஸ்கல். கடல் பொங்கும் என்று இன்னொரு கட்சி. இதற்கிடையில் வளர்த்த கோழிகளையெல்லாம் அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். சாகப்போகிறவர்களுக்கு நாக்கைப் பாருங்கள்!

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இருளாயிக்கு அந்தத் தேதி வேறு காரணத்துக்காக மனப்பாடம். அன்று காலை பத்து மணிக்கு ஈப்போ பதிவு அலுவலகத்துக்கு அவளை வரச்சொல்லியிருந்தார்கள். ஐம்பது வயதாகியும் அவள் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டையான சிவப்பு ஐசிதான். வேலை பெர்மிட் ஒருநாள் நின்றுபோனால், கண்ணால் பார்த்தேயிராத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவள் அக்கா வீரம்மா அப்படித்தான் போனாள். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை.

குடிமக்களுக்கான நீல ஐசி வேண்டுமென்றால், இவள் இங்கேதான் பிறந்தாள் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அப்படித் தெரிந்தவர்களில் உயிரோடு மிச்சமிருந்தது ராமையா ஒருவர்தான். மனுஷனோ பிஸ்கட் டின்னும் தண்ணீர்க் குடமுமாக வீட்டுக்குள் அடைந்துகிடந்தார்.

“அண்ணே, பஸ்ஸு வந்துரும். கெளம்புங்க.”

“இன்னைக்கா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா புள்ள? மத்தியானம் ஒலகமே இருக்காது. ஐசிய எமன்கிட்டயா காட்டப் போற?”

“கேட்டான்னா காட்டுறேன். நீங்க சட்டையப் போடுங்கலா!”

கதவைச் சாத்தப் பார்த்தார். இருளாயி காலைக் குறுக்கே வைத்துவிட்டாள். அவளைக் கிரகம் நகர்த்தினால்தான் உண்டு, ராமையாவால் ஆகுமா? சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

பஸ்ஸில் அவர் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஈப்போ நெருங்கியதும் தொண்டையைச் செருமினார்.

“இருளாயி, எனக்குக் கிரகத்துமேல பயமில்ல. நீங்க பொறந்தப்ப கங்காணிக்கு எழுத்து வேல பாத்தது நான்தான். புள்ள பொறந்தா அப்பன் ஊரையே எழுதிவிடுறது வழக்கம். நம்ம ஊருன்னா அதுதானேன்னு இருந்தோம். ஒனக்கும் வீரம்மாவுக்கும் பொறந்த எடம் நாமக்கல்லுன்னு தோட்டத்துப் பேரேட்டுல எழுதுனது நான்தான். அங்க போயி இதச் சொன்னா என்னையத் தூக்கி உள்ள போட்டுருவாங்க.”

இருளாயிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

“பாவி மனுசா! எங்கக்கா கப்பலேறுன அன்னைக்கே எனக்கு ஒலகம் அழிஞ்சிருச்சு. குண்டும் விழல, கடலும் பொங்கல. நீங்க எழுதுன ஒரு வரியில போச்சு. மறுநாள் விடியக்கால வேலைக்குப் பெரட்டுல பேர் கூப்பிட்டப்ப நான் வந்து நின்னேனா இல்லையா? இன்னைக்கும் நிப்பேன். நீங்களும் நிக்கணும். எறங்குங்க!”

அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்க்கார அம்மா உட்கார்ந்திருந்தார். பழைய பேரேட்டின் நகலைப் புரட்டி, “இதில் இந்தியா என்றல்லவா இருக்கிறது?” என்று மலாயில் கேட்டார். அது தப்பு, நான் கோப்பெங்கில் பிறந்தவள் என்று இருளாயி அதே மலாயில் தடுமாறாமல் சொன்னாள். சொல்லிவிட்டு ராமையாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ராமையா எழுந்து நின்றார்.

“அத எழுதுனது நான்தான், புவான்,” என்று அந்த அம்மாவிடம் மலாயில் ஆரம்பித்தார். இவள் அம்மாவுக்குப் பால் வெட்டும் காட்டில்தான் வலி எடுத்தது, லயத்து வீட்டுக்குத் தூக்கிவந்த நாலு பேரில் நானும் ஒருவன், விவரம் புரியாமல் தப்பாக எழுதிவிட்டேன் என்று விடாமல் சொல்லி முடித்தார்.

அந்த அம்மா திட்டவில்லை, போலீஸையும் கூப்பிடவில்லை. ஒரு தாளைத் தள்ளி, சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ராமையா இருளாயியின் பெயரை எழுதினார். பிறந்த இடம் கோப்பெங் என்று எழுதினார். பேனாவை வைக்காமல் அவளைப் பார்த்தார்.

“வீரம்மாவையும் எழுதட்டா?”

“ஒருவருக்குத்தான் இடம்,” என்றார் இன்னொரு பெயரைக் காதில் வாங்கிய அந்த அம்மா.

இருளாயி தாளின் ஓரத்தில் விரலை வைத்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை.

“இங்க எழுதுங்கண்ணே. அவளும் கோப்பெங்குதான்.”