கசிவின் கடைசி நிகழ்ச்சி

இரண்டாவது தடவையும் மின்சாரம் போனதும், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மின்மயானத்தின் முன்கூடத்தில் ஏசி உறுமிவிட்டு நின்றது. எதிர்ச்சுவரில் அப்போதுதான் படர ஆரம்பித்திருந்த நீல வெளிச்சம் காணாமல் போனது. சுவருக்குக் கீழே, பெட்டிக்குள் மச்சான் படுத்திருந்தான், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல.

"போற அன்னிக்குக்கூட ஃபியூஸைப் புடுங்கிட்டுத்தான் போவான்போல," என்றாள் அவர் மனைவி. காலையிலிருந்து அவள் அழவில்லை. தம்பிமேல் கோபமாக இருந்தாள்.

அவர் முப்பது வருடமாக எலக்ட்ரீஷியன். அதில் இருபத்திரண்டு வருடம் மச்சான் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடிய எலக்ட்ரீஷியன். மச்சானும், அவனோடு படம் ஓட்டிய பெண்ணும் ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய இசைக்குழு அது. பழைய ஃபிரிட்ஜ் மோட்டார், உடைந்த ரேடியோ, சின்தசைசர் என்று கையில் கிடைத்ததிலிருந்தெல்லாம் அவன் சத்தம் எடுப்பான். அந்தச் சத்தத்துக்கேற்ப அவள் சுவரில் வெளிச்சத்தை அலையவிடுவாள். வீட்டில் அவளுக்கு 'வெளிச்சம்' என்றே பெயர். பெண்டாட்டி இல்லை, காதலி இல்லை, கூட்டாளி. இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே மனைவிக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கசிவு'. "மின்கசிவுன்னா ஆள் செத்துடுவான்டா. அதைப் போய் எவனாவது பேரா வெப்பானா?" என்று அவர் அன்றே கத்தினார். அவன் பல்லைக் காட்டினான். "நல்லா இருக்குல்ல, அத்தான்?"

ஒன்பது இசைத்தட்டுகள் வந்தன. ஒருமுறை கடல் கடந்து போய் நாலாயிரம் பேர் முன்னால் வாசித்தார்கள். அடுத்த மாதமே ஒரு கிடங்கில் பதினொரு பேர், அதில் மூன்று பேர் குடும்பம். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று எர்த் கோளாறு இரைவதைக் கேட்டுப் பாதியில் டெஸ்டரோடு எழுந்தவரை, மச்சான் மேடையிலிருந்தே கையாட்டி உட்காரவைத்தான். அதுதான் பாட்டாம். முடிந்ததும் மிச்ச எட்டுப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, கடையில் வரிசையில் நின்றபடியே சரிந்துவிட்டான். ஐம்பத்தொரு வயது. முந்தின நாள்தான் போன் செய்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஆறு மெஷின் போடலாமா என்று கேட்டிருந்தான். "எத்தனை தடவைடா சொல்றது உனக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்திருந்தார்.

ஸ்விட்ச் போர்டு கூடத்துக்கு வெளியே நடையில் இருந்தது. திறந்து பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசி, ப்ரொஜெக்டர், இரண்டு ஆம்ப்ளிஃபயர், எல்லாம் ஒரே லைன்.

"சார், நாலு மணிக்கு அடுத்தவங்க வந்துடுவாங்க," என்று மயானப் பொறுப்பாளர் பின்னாலேயே வந்தார். "உங்களுக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"ஏசியை நிறுத்தினா போதும், மத்தது ஓடும்."

"ஆள் இருக்கறப்போ ஏசியை நிறுத்தக் கூடாதுங்க. ரூல்ஸ்."

அதற்குள் வெளிச்சம் ஓடிவந்தாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, தோளில் ஒரு சுருள் ஒயர். "என்னாச்சு, அத்தான்?" மச்சானைப் பார்த்து அவளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். மனைவிக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

"ஒண்ணு சத்தம், இல்ல படம். ரெண்டும் சேர்ந்து ஓடாது. கேட்டா ரூல்ஸாம்."

"பதினோரு நிமிஷம்தான் அத்தான். யார் முதல்ல போறாங்களோ அவங்களுக்கு மத்தவங்க கடைசியா ஒண்ணு பண்ணணும்னு பேசி வெச்சிருந்தோம். நான்தான் முதல்ல போவேன்னு நெனச்சேன். சிகரெட் குடிக்கறது நான்தானே." அவள் போர்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "சரி. ப்ரொஜெக்டரை எடுத்துடறேன். அவன் சத்தம் இருக்கட்டும்."

"எதை எடுக்கப்போறே?" மனைவி கதவருகே நின்றிருந்தாள். ஐந்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு அனுப்பிவிடலாம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"படத்தை, அக்கா. லைன் தாங்காதாம்."

"படம் இல்லாம அவன் என்னிக்கு வாசிச்சான்? வெறும் இரைச்சலை யாரால கேக்க முடியும்? இத்தனை வருஷம் நான் எந்திரிச்சுப் போகாம உட்கார்ந்திருந்ததே உன் படத்தைப் பார்த்துக்கிட்டுத்தான்."

வெளிச்சம் தோளிலிருந்த ஒயரை இறக்கிக் கீழே வைத்தாள். மனைவி அதற்குள் பொறுப்பாளர் பக்கம் திரும்பியிருந்தாள்.

"ஏசியை நிறுத்துங்க."

"ரூல்ஸ்மா…"

"உள்ளே உட்கார்ந்திருக்கற அத்தனை பேரும் உயிரோடதான் இருக்காங்க. பதினோரு நிமிஷம் வேர்த்தா செத்துட மாட்டாங்க. நிறுத்துங்கன்னேன்."

பொறுப்பாளர் அவரைப் பார்த்தார். அவர் ஒரு ஸ்க்ரூவை ரொம்ப அக்கறையாக முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மேல ஓடக் கூடாதும்மா."

"ஓடினா நானே புடுங்கி எறியறேன்."

ஏசி ஸ்விட்சை அணைத்துவிட்டு அவர் பிரேக்கரை மேலே தள்ளினார். உள்ளே போக மனம் வரவில்லை, மறுபடி பிரேக்கர் விழுந்துவிட்டால்? நடையிலேயே நின்று மெயின் ஒயர்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். கூடத்தில் சத்தம் தொடங்கியது. தூரத்தில் கனமான எதையோ இழுத்துப் போவதுபோல வந்து, மெல்ல மெல்ல அகன்று, தரை வழியாக அவர் காலுக்கு ஏறியது. ஒயர் இளஞ்சூடாக இருந்தது. கையை எடுக்காமல் பாதி திறந்த கதவு வழியாகப் பார்த்தார்.

வேர்த்த முகங்கள்மேல் நீலம் நகர்ந்துகொண்டிருந்தது. கறுப்புச் சட்டை போட்ட கசிவு ரசிகர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். பெரியப்பா ஒருவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேசை முன்னால் வெளிச்சம், ஒரு கை மச்சானின் மெஷினில், இன்னொரு கை தன்னுடையதில். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க அவளுக்குக் கை இல்லை.

மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கிருந்தோ கிழித்த அட்டைத் துண்டால் தனக்கு விசிறிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, அந்த அட்டையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி விசிறத் தொடங்கினாள்.