சாரலுக்குப் போகாத பசை

ஆடிச் சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் சீசன் களைகட்டியதால் வடகரைக் கத்திரிக்காய்க்கு நல்ல கிராக்கி. புதன்கிழமை காலையில் தோட்டத்துக்கு வந்த முத்துச்செல்வி, பறித்துக் கட்டிய மூட்டைகள் வரப்பில் நிற்பதைப் பார்த்ததும் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவள் கணவன் பாண்டிராஜ் அந்தச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தான். அடித்தால் ஒரு வாரம் பறிக்கக் கூடாதென்று டப்பாவிலேயே போட்டிருந்தது.

“என்னங்க, வாரம் ஆகலையே, அதுக்குள்ள பறிச்சிட்டிய?”

“வெலை இருக்கும்போது பறிக்காம, செடிக்கு அழகு பாக்கச் சொல்லுதியா? அந்தச் சின்ன மூட்டை ஒன் பள்ளிக்கூடத்துக்கு. சாம்பாருக்குக் காய் வேணும்னு சத்யபிரியா டீச்சர் போன் போட்டாவ.”

முத்துச்செல்வி அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல்காரி. பிள்ளைகளின் தட்டில் அதைப் போடப்போவது அவள் கைதான்.

“மருந்து காயிலல்லா இருக்கும்?”

“ரெண்டு நாளா சாரல் ஊத்துதுட்டி. குத்தாலத்துல ஊரே குளிச்சிட்டுப் போவுது, என் கத்திரிக்கா குளிச்சிருக்காதா?” தன் பேச்சுக்குத் தானே சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிரம்மில் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். மருந்தோடு இன்னொரு பாட்டிலிலிருந்து வழவழவென்று அவன் கலந்ததையும் பார்த்திருந்தாள்.

“சாரல்ல போயிரக் கூடாதுன்னுதான பசை கலந்திய? எம்புட்டு மழை பெஞ்சாலும் எலைய விட்டு எறங்காதுன்னு சொன்னது யாரு?”

பாண்டிராஜின் சிரிப்பு நின்றுபோனது. இலையை விட்டு இறங்காதது காயை விட்டு மட்டும் எப்படி இறங்கும்?

“ஒரு நாள் தின்னா செத்தா போயிருவாவ?”

“ஒரு நாள்ல ஒண்ணும் தெரியாது. அதான் எனக்குப் பயமே. கொஞ்சங் கொஞ்சமா உள்ள சேந்து, என்னைக்கோ காட்டும்.”

அவன் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான். “சரிட்டி. கெணத்தோரத்துல மருந்து படாத வரிசை இருக்குல்லா, நம்ம வீட்டுக்குன்னு விட்டது. அதைப் பறிச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போ. இது மார்க்கெட்டுக்குப் போட்டும்.”

ஒரு கணம் அவளுக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. பிறகு, வீட்டுக்கென்று தனி வரிசை விட்டதே எதற்காக என்று நினைத்துப் பார்த்தாள்.

“குத்தாலத்துக்குக் குளிக்க வந்தவனும் பிள்ளைகளக் கூட்டிட்டுத்தான் வந்திருப்பான். ஒரு மூட்டையும் போவக் கூடாது.”

அதற்குள் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப்போகும் பென்னியின் லோடு ஆட்டோ வந்து நின்றது. முத்துச்செல்வியே எதிரில் போனாள்.

“இன்னைக்குக் காய் இல்ல பென்னி. மருந்தடிச்சு வாரம் ஆகல.”

“மார்க்கெட்டுக்கு வார காயெல்லாம் நாள் நட்சத்திரம் பாத்தா வருது, மதினி?”

“மத்தவுக காய்க்கு நாங்க மருந்தடிக்கலடே.”

பென்னி எட்டிப் பார்த்தான். “அண்ணாச்சி, வீட்டுல ஆட்சி மாறிட்டு போலுக்கு!”

“ஒன் வேலையப் பாத்துட்டுப் போலே,” என்றான் பாண்டிராஜ். ஆனால் மூட்டையைத் தூக்கவில்லை. ஆட்டோ காலியாகத் திரும்பியது.

“இப்ப இதை எங்கன கொட்ட? மாட்டுக்குப் போடவா?”

“பால நாமதான குடிக்கோம்.”

“எருக்குழி?”

“எரு இந்த வயலுக்கேல்லா வரும்.”

வாய்க்காலைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கிணற்றுக்கு எட்டாத தரிசு மேட்டுக்கு நடந்தான்.

“மண்ணு மட்டும் என்னட்டி பாவம் செஞ்சிது?” குழியிலிருந்து கேட்டான்.

“அதுக்குத்தான் சொல்லுதேன், அடுத்த தடவ அடிக்கதுக்கு முன்னால என்னையும் ஒரு வார்த்த கேளுங்க.”

சொல்லிவிட்டுக் கிணற்றோர வரிசையில் குனிந்தாள். பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிப்பதற்குள் சாம்பார் கொதித்தாக வேண்டும்.