புயலின் வலது கை

வெல்டருக்குச் சதுரங்கப் போட்டிக் கூடத்தில் புயல் என்று பட்டப்பெயர். அவரோடு சிசிலியன் தடுப்பாட்டம் ஆடுவது புலிவாலைப் பிடிப்பது மாதிரி. கண்டக்டரம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் கறுப்புக் காய் வந்தால் அவளுக்கு வேறெதுவும் ஆடத் தெரியாது. அன்று அவருக்கெதிராக அவளுக்குக் கறுப்பு. "தெரிஞ்சே போய் மாட்டிக்கப் போறியா?" என்று காலையில் கணவன்கூடக் கேட்டான்.

மாட்டித்தான் கொண்டாள். அவள் ராஜாவுக்குக் கோட்டை கட்டுவதற்குள் புயல் குதிரையைப் பலி கொடுத்தார். அதை வெட்டியதும் ராணி பாய்ந்து வந்து செக். நட்டநடுப் பலகையில் ராஜாவை ஒரு கட்டம் தள்ளிவைத்தாள். அடுத்து யானை வரும். வந்தால் கதை முடிந்தது.

யானை வரவில்லை. கடிகாரத்தில் அவருடைய நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கணக்குத் தப்பிவிட்டதோ என்று முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அவர் இடது கையை நீட்டினார். இதுவரை வலது கையால் ஆடியவர். யானை விரல் நழுவி உருண்டது. நிமிர்ந்து பார்த்தாள். வாயின் ஒரு ஓரம் தொங்கியிருந்தது.

அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. களைப்பு என்று படுக்கவைத்தார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை.

எதிராளியோடு பேசக் கூடாது. தோற்கிற பயத்தில் நாடகம் போடுகிறாள் என்பார்கள். இருந்தாலும் பலகைமேல் குனிந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க."

"என்... ழ?" வார்த்தை குழறியது.

கடிகாரத்தை நிறுத்திவிட்டு, ஓடுகிற பஸ்ஸை நிறுத்தும் குரலில் கத்தினாள். "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!"

நடுவர் பதறி ஓடிவந்தார். "உஷ்! மத்தவங்க ஆடறாங்கம்மா."

"ஆடட்டும் சார். இவருக்குப் பக்கவாதம் மாதிரி இருக்கு. சீக்கிரம்!"

அவர் முகத்தைப் பார்த்ததும் நடுவர் மறுபேச்சின்றிப் போனை எடுத்தார்.

புயல் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். கூடமே நடுங்கும் மனிதரின் கண்ணில் அப்படியொரு பயம்.

"போகாத..."

"எங்கயும் போகலண்ணே." ஸ்ட்ரெச்சர் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

சில வாரம் கழித்துப் புயலின் மனைவி அவளுடைய பஸ்ஸில் ஏறினாள்.

"நேரத்துக்குக் கொண்டுவந்தீங்கன்னு டாக்டர் சொன்னாரும்மா. பேச்சு வந்துடுச்சு. கைதான் இன்னும் வரல."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா. வீட்ல பலகை இருக்குல்ல?"

"அதை மட்டும் எடுக்காதீங்க. பார்த்தாலே அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துடுது. சும்மா வந்து பக்கத்துல உக்காருங்க, போதும்."