தகடு இறங்காத காலை

இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது, ஆனால் அசையவில்லை. சண்முகலிங்கம் இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். இடது கை சக்கரத்தின் மேலும், வலது கை முன்தகட்டை இறக்கும் நெம்புகோலின் மேலும் இருந்தன. அந்த நெம்பை இரண்டு விரலால் முன்னே தள்ளினால் போதும். மஞ்சள் நிறத் தகடு தரையைத் தொடும். இரவெல்லாம் பெய்த பனி சுருண்டு சுருண்டு வழியின் ஓரத்துக்கு ஒதுங்கும். இந்தக் குளிர்காலத்தில் எத்தனையோ காலைகளில் செய்த வேலைதான். இன்றைக்கு விரல்கள் மறுத்தன. புகைபோக்கிக்கு எதிரே இருந்த பனிச்சுவர் கறுத்து, உருகி, ஒரு குகையாகக் குழிந்திருந்தது. அவர் எவ்வளவு நேரமாக அங்கே அமர்ந்திருக்கிறார் என்பதற்கு அந்தக் குகையே சாட்சி.

ஒஸ்லோவுக்குத் தென்கிழக்கே, எனேபாக்கில், பெருந்தெருவிலிருந்து பிரிந்து ஊசியிலைக் காட்டுக்குள் ஏறும் ஒற்றை மண்வழி அது. அதில் இரண்டே வீடுகள். முதலாவது சண்முகலிங்கத்தினது. அதற்கு மேலே, சரிவின் உச்சியில், கணவனை இழந்த குன்வோர் என்ற முதிய நோர்வேப் பெண்மணியின் வீடு. பனி தள்ளும் இயந்திரம் எவரிடம் இருக்கிறதோ அவரே வழியைத் திறந்துவைக்க வேண்டும் என்பது இரண்டு வீட்டாருக்கும் இடையே வாய்ச்சொல்லாக நின்ற உடன்பாடு. குன்வோரின் கணவர் இருந்தவரை அவர் செய்தார். அவருக்குப் பின் சண்முகலிங்கம். அதற்கென்றே அந்தச் சிறிய உழவு இயந்திரத்தை வாங்கினார். உழவு இயந்திரம் என்று பெயர். ஒரு பிடி மண்ணைக்கூட அது உழுததில்லை. ஒவ்வொரு முற்பகலும் குன்வோருக்கு இன்சுலின் ஊசி போட நகரசபையின் தாதி ஒருவர் காரில் வருவார். இன்று அந்தக் கார் எப்படி ஏறும்? அது அவருக்குத் தெரியாமல் இல்லை. சரிவின் மேலே குன்வோரின் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாளரச் சீலை ஒருமுறை விலகி மூடியதையும் அவர் கண்டார்.

நேற்றுப் பின்னேரம் அவர் மனைவி மங்களேஸ்வரி புறப்பட்டுப் போனாள். திராமன் நகரில் வாழும் மகள் ஹம்சத்வனிக்கு இது தலைப்பிரசவம். தாய் துணைக்குப் போவது உலக வழக்கம். அதில் குறை சொல்ல எவருக்கும் இடமில்லை. மருமகன் அருளானந்தன் கார் கொண்டு வந்திருந்தான். புதுப்பனி அப்போதுதான் மெல்லப் படியத் தொடங்கியிருந்தது. பெட்டிகள் ஏறின, மாவும் தூளும் நிறைந்த பேணிகள் ஏறின. கடைசியாக, பழைய பருத்திச் சேலையில் சுற்றிய தட்டையான கட்டு ஒன்றை மங்களேஸ்வரி தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். சமையலறைத் தட்டிலிருந்த சாமிப் படங்கள். பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறவள் சாமியைக் கழற்றிக்கொண்டு போவாளா?

"நீர் எப்ப வருவீர்?" என்று கார்க் கதவருகே நின்று அவர் கேட்டார்.

"பாப்பம்."

"பாப்பம் எண்டால்?"

"இஞ்சேருங்கோ, ஹொல்ம்லியாவில நீங்கள் கதைக்கேக்க கை தட்ட ஆக்கள் இருந்தவை. இஞ்சை ஆர் இருக்கினம்? இந்த மரங்களுக்கோ பேசப்போறியள்? நீங்கள் பேசுங்கோ, அதுகள் எதிர்த்துக் கதையாதுகள். எனக்குக் கதைக்க ஒரு சனம் வேணும்."

அருளானந்தன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையுறையைச் சரிசெய்தான். கார் நகர்ந்தது.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவர்கள் முன்பு வாழ்ந்த ஒஸ்லோப் பகுதியான ஹொல்ம்லியாவின் பாடசாலை மண்டபத்தில் சண்முகலிங்கத்தின் குரல் ஒலித்த காலம் ஒன்று இருந்தது. ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். சாதி கேட்டுச் சம்பந்தம் பேசுகிறவர்களை, நல்லநேரம் பார்த்து விமானச் சீட்டு எடுக்கிறவர்களை, பெண் பெரியவளானதை மண்டபம் பிடித்து ஊருக்கு அறிவிக்கிறவர்களை அவர் பெயர் சொல்லாமல் பெயர் தெரியும்படி அடித்தார். பகலில் பேருந்துகளைக் கழுவினார். மாலையில் மனங்களைக் கழுவப் புறப்பட்டார். பிறகு தமிழ்ச் சங்கத்தில் கோயில் கட்டும் பேச்சு எழுந்தது. நூலகம் கட்டுவோம் என்று அவர் எழுந்து நின்றார். நூலகத்துக்கு ஆதரவாகக் கை உயர்த்துங்கள் என்றபோது மண்டபத்தில் உயர்ந்தது அவருடைய கை ஒன்றே. மங்களேஸ்வரியின் கைகள் அவள் மடியில் கிடந்தன. அடுத்த கோடையில், எவரும் எவருக்கும் தலைவணங்கத் தேவையில்லாத காட்டு வெளியில், இந்த வீட்டை வாங்கினார். அவள் வேலை பார்த்த மழலையர் பள்ளி, ஞாயிறு தோறும் கூடிய பெண்கள், ரயில் நிலையத்து வாங்கிலில் முடியாமல் நீளும் பேச்சு, எல்லாவற்றையும் அவள் அங்கே விட்டுவிட்டு வந்தாள். சென்ற இலையுதிர் காலத்தில் வழியின் இருபுறமும் செம்மஞ்சள் அடையாளக் கம்புகளை நட்டார்கள். பனி மூடியபின் வழி எது, பள்ளம் எது என்று காட்டுவன அவைதான். அவள் கம்பைப் பிடித்தாள். அவர் சுத்தியலால் அடித்தார். அன்று முழுவதும் இருவரும் பேசிக்கொண்ட சொற்கள், "நேராப் பிடியும்", "நேராத்தான் பிடிக்கிறன்."

அவர் தகட்டை இறக்காததற்குக் காரணம் வெட்கக்கேடானது. வெளியே சொன்னால் அவருடைய பழைய எதிரிகள் ஒரு வாரம் சிரிப்பார்கள்.

வீட்டிலிருந்து ஒருவர் பயணம் புறப்பட்டால், அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வாசலைக் கூட்டக் கூடாது. புறப்பட்ட காலடியின் மேல் உடனே துடைப்பம் போடுவது பிணம் போன வீட்டில் செய்கிற வேலை. மங்களேஸ்வரி இதை எந்த நூலிலும் படிக்கவில்லை. அவள் கைக்கே அது தெரியும். எவர் புறப்பட்டாலும் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுத் தொலைபேசியருகே இருப்பாள். எத்தனை முறை அவர் அந்தத் தும்புத்தடியைப் பறித்துத் தாமே கூட்டியிருக்கிறார்! மண்டபத்து மேடையில் ஒருமுறை ஈர்க்குமாறு ஒன்றை உயர்த்திப் பிடித்து, "போனவனின் விதி இதற்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லட்டும், கேட்போம்!" என்று முழங்கினார். மண்டபம் அதிர்ந்தது. இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கணவனோடு திராமனுக்குத் திரும்பிய ஹம்சத்வனியின் காருக்குப் பின்னாலேயே இந்த இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போய்ச் சக்கரத் தடத்தை வழித்தெறிந்தார். மங்களேஸ்வரி கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு மகள் அழைத்ததும், "பாத்தீரே, போய்ச் சேர்ந்திட்டினம்! உம்முடைய தும்புத்தடிக்கு ஒண்டும் தெரியேல்லை!" என்று வெற்றிக் குரலில் சொன்னார். அவள் எழுந்து சோற்றுக் கோப்பையைக் கழுவப் போனாள். அதில் சோறு இருந்தது.

நேற்று அவள் அழைக்கவில்லை. வீதி வழுக்கியிருந்தால் அருளானந்தன் அறிவித்திருப்பான். அவள் நலமாகத்தான் போயிருப்பாள். ஆனால் போய்ச் சேர்ந்தேன் என்று அவள் வாயால் சொல்லவில்லை. அவராகவும் அழைக்கவில்லை. அவளுக்கு வெறும் கோபமா? அல்லது, எனக்காக எவரும் துடைப்பத்தைச் சுவரில் சாத்தப்போவதில்லை, பிறகு எதற்குச் செய்தி என்று எண்ணினாளா? காலையில் தேநீர் வைக்கச் சமையலறைக்குப் போனவர் வெறுமையான தட்டைக் கண்டார். படங்கள் இருந்த இடங்களில் சுவர் சுற்றுப்புறத்தைவிட வெள்ளையாக இருந்தது. வாழ்நாளெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்து நகைத்தவருக்கு அந்த வெள்ளைச் சதுரங்களைப் பார்க்கும் துணிவு வரவில்லை. வெளியே வந்து இயந்திரத்தை முடுக்கினார். முற்றத்தில், கதவிலிருந்து கார் நின்ற இடம்வரை, கூரைச் சரிவின் மறைவில், அவளுடைய காலடிகள் புதுப்பனிக்கு அடியில் ஆழமில்லாத குழிவுகளாக இன்னும் தெரிந்தன. அதற்கப்பால் சக்கரத் தடங்கள் முற்றாக மறைந்திருந்தன. மறைத்தது வானம். அது வானத்தின் குற்றம். ஆனால் வழிப்பது? அறிவு ஒரு பக்கம் நின்று வாதாடியது: பனி என்பது நீர், தடம் என்பது அழுத்தம், இரண்டுக்கும் ஒரு பெண்ணின் மனத்துக்கும் என்ன தொடர்பு? வாதம் பிழையில்லாமல் இருந்தது. கை மட்டும் அசையவில்லை.

கீழேயிருந்து ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை புதைந்து, ஒவ்வொரு காலாக இழுத்து, நீல நிறக் குளிர்ச்சட்டையும் தோளில் மருத்துவப் பையுமாக ஓர் இளம்பெண். இயந்திரத்தருகே வந்து மூச்சு வாங்க நின்றாள். நோர்வேஜிய மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கியவள், அவர் முகத்தைக் கண்டு நிறுத்தினாள்.

"ஹெர்ரெகுத், கடவுளே! சண்முகலிங்கம் அங்கிளே? நீங்களே இஞ்சை இருக்கிறியள்?"

"ஓம். நீர் ஆர் பிள்ளை?"

"துஷாரா. ஹொல்ம்லியா நேசமணியின்ர மகள். வழமையா வாற தாதிக்குச் சுகமில்லை, அவவுக்குப் பதிலா இண்டைக்கு நான்தான் விகார். என்ர கார் கீழ சொருகிப்போய் நிக்குது. இந்த றோட்டு ஆர் கிளியர் பண்ணுறது அங்கிள்?"

"நான்தான்."

அவள் உறுமும் இயந்திரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ட்ரக்டர் ஓடுதே."

"ஓடுது. தகடு இறங்குதில்லை."

"எந்த நெம்பு, இதோ?" அவர் வாய் திறப்பதற்குள் அவள் படியில் ஒரு காலை ஊன்றி, கையை உள்ளே நீட்டி, நெம்பைத் தள்ளினாள். தகடு தடாலென்று இறங்கிப் பனிக்குள் புதைந்தது.

"இறங்குதே," என்றாள்.

சண்முகலிங்கம் நெம்பைப் பின்னே இழுத்தார். தகடு மீண்டும் உயர்ந்தது. அதன் விளிம்பிலிருந்து பனி பொலபொலவென்று உதிர்ந்தது.

"மனுசி நேற்றுப் பின்னேரம் திராமனுக்கு வெளிக்கிட்டவ," என்றார் அவர், சக்கரத்தைப் பார்த்தபடி. "போய்ச் சேர்ந்ததெண்டு இன்னும் ஃபோன் வரேல்லை."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவள் புருவங்கள் உயர்ந்தன. "அங்கிள்! ஸ்கூல் ஹோலில ஈர்க்குமாறைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பேசினது நீங்கள்தானே? நான் முன்வரிசையில இருந்தனான். எனக்கு ஒரே சிரிப்பு."

"நான்தான்."

"அண்டைக்கு இரவு அப்பா வேலைக்குப் போன உடன அம்மா வாசலைக் கூட்டினவ. அழுது அழுது கூட்டினவ. 'அந்தாள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும்' எண்டு சொல்லிச் சொல்லி."

"பிறகு?"

"பிறகென்ன, அப்பா விடிய சுகமா வந்து சாப்பிடப் பாண் கேட்டவர். அதுக்குப் பிறகு எங்கட வீட்டில அந்தப் பழக்கம் இல்லை." அவள் சிரித்தாள், சிரிப்பைப் பாதியில் விட்டாள். "நீங்கள் ஒருக்கா எடுத்துக் கேளுங்கோவன்."

"அவ எடுக்கவேணும்."

"உங்கட விருப்பம்." அவள் பையைத் தோளில் ஏற்றினாள். "அந்த அம்மா சாப்பிடாமல் எனக்காகப் பாத்துக்கொண்டிருப்பா. நான் ஊசியைப் போட்டிட்டு வாறன். இன்னும் வீடுகள் கிடக்கு அங்கிள், என்ர வக்த், வேலைநேரம் முடியமுந்திப் போகவேணும். மற்ற வீட்டுக் கிழடுகளும் பசியோடதான் இருக்குங்கள்."

அவள் மேலே ஏறினாள். அவள் கால் பதித்த ஆழமான குழிகள் குன்வோரின் வீட்டை நோக்கி ஒவ்வொன்றாக நீண்டன. கதவு திறந்தது, உள்ளே வெளிச்சம் தெரிந்தது, மூடியது.

தன் சொல் ஒரு வீட்டில் விளக்கேற்றியதை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் கேட்கும் மனிதனுக்கு மகிழ்ச்சி வரவேண்டும். வந்தது. ஆனால் நேசமணியின் கண்ணீரும் கூடவே வந்தது. அதை அவர் மேடையில் நின்றபோது கண்டதில்லை. பயத்தை விரட்டு என்று சொல்வது எளிது. அழுதுகொண்டே துடைப்பத்தை எடுத்த அந்தப் பெண்ணின் துணிவில் கால்பங்காவது தமக்கு உண்டா? அவர் சட்டைப் பையிலிருந்த தொலைபேசியை வெளியே எடுத்தார். குளிரில் அதன் முகம் மங்கியிருந்தது. அழைப்பு எதுவும் இல்லை. மீண்டும் உள்ளே வைத்தார். பிறகு இரண்டு விரலால் நெம்பைத் தள்ளினார்.

முற்றத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனார். அவளுடைய காலடிகளின் பக்கம் சக்கரத்தைத் திருப்பவில்லை. அந்தச் சிறிய சுற்றை எந்த எதிரி பார்த்தாலும் பார்க்கட்டும். முதலில் குன்வோரின் வாசல்வரை ஏறித் திருப்பி, பிறகு சரிவில் இறங்கத் தொடங்கினார். தகட்டின் கீழே இரு காலணிகள்போல் இரும்புத் தாங்கிகள் உண்டு; மண்வழியின் சல்லிக்கற்கள் பெயராதபடி அவை தகட்டைத் தரையிலிருந்து சிறிது உயர்த்திப் பிடிக்கும். உதிரியான பனி முழுவதும் சுருண்டு பள்ளத்தின் பக்கம் சரிந்தது. இருபுறமும் செம்மஞ்சள் கம்புகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. அவற்றில் ஒன்று கோணலாக நின்றது.

வீட்டுக்குக் கீழே, வளைவில் இயந்திரத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். தகடு கடந்துவந்த வழியில், பகலின் நீல வெளிச்சத்தில், இரண்டு கோடுகள் தெரிந்தன. நேற்றுக் காரின் பாரத்தில் நசுங்கி, இரவுக் குளிரில் இறுகி, கல்லாகிப்போன சக்கரத் தடங்கள். மேலே கிடந்த பனி போனதும் அவை துலங்கி வெளிப்பட்டிருந்தன. டயரின் பல்வரிசைகூட அழியவில்லை. அவர் இறங்கி, கையுறையைக் கழற்றி, ஒரு தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது சுட்டது, குளிரால்.

முன்னே வழி இன்னும் மூடியே கிடந்தது. கீழே, பெருந்தெரு முனையில், தாதியின் சிறிய கார் முகப்புவரை புதைந்து நின்றது. அவர் ஏறி அமர்ந்து மீண்டும் ஓட்டினார். தகடு முன்னே போகப் போக, பின்னால் அந்த இரண்டு கோடுகளும் அடி அடியாக நீண்டுகொண்டே வந்தன. வீட்டிலிருந்து தெருவுக்கோ, தெருவிலிருந்து வீட்டுக்கோ, பார்க்கிறவருக்குச் சொல்ல முடியாதபடி.