உப்புக்குப் பதிலாக

சிறுநீரகம் கெட்டுப்போன தையல்காரரின் ரத்தத்தில் பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு என்று வந்த தாளைப் பயிற்சி மாணவி கலோரி இரண்டாவது தடவையும் படித்தாள். ஐந்தரையைத் தாண்டினாலே சிறுநீரக வார்டில் எல்லோரும் ஓட ஆரம்பிப்பார்கள். ஏழுக்கு அருகே போனால் இதயம் எந்த நொடியில் தாளம் தப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கலோரி என்பது அண்ணன் வைத்த பெயர். தனியார் பல்கலைக்கழகத்தில் அவள் ஊட்டச்சத்துப் பட்டப்படிப்பில் சேர்ந்த அன்று, "சோறு எப்படித் திங்கணும்னு சொல்லித்தர நாலு வருஷமா?" என்று சிரித்துவிட்டு வைத்தான். வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது. இது கடைசி ஆண்டு. மூன்று மாத ஆஸ்பத்திரிப் பயிற்சியின் முடிவில் இங்கிருக்கும் தலைமை உணவியல் நிபுணர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். ஒரு புகார் போனாலும் பருவம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும் என்று துறைத்தலைவர் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்தத் தலைமை உணவியல் நிபுணரான மேடம் இப்போது கட்டிலருகே நின்று தையல்காரரைக் குடைந்துகொண்டிருந்தார். நர்ஸ் நோயாளியின் மார்பில் இதயத்துடிப்பைக் காட்டும் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. வாழைப்பழமா? ஆரஞ்சா?"

"பழத்தைக் கண்ணால பாத்தே மாசக்கணக்காச்சு மேடம். கனவுல வந்தா அதையும் எழுதிக்குவீங்களா?"

"சிரிக்கற நேரமா இது?"

"பின்ன என்ன, அழுதா அது இறங்கிடுமா?"

அவர் மனைவி குறுக்கே வந்தாள். "சத்தியமா இல்லைங்க. கிழங்கைக்கூட ரெண்டு தடவை வேகவச்சுத் தண்ணிய வடிச்சுதான் போடறேன். பிள்ளைங்க மூஞ்சியச் சுளிக்குதுங்க. ஆனாலும் விட்டுக்குடுக்கல."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று மேடம் கோப்பைத் திறந்தார். "பத்தியம் காக்கலன்னு எழுதறேன். அடுத்த வார ஆபரேஷனை டாக்டர் தள்ளிவச்சா என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

தன் சிறுநீரகத்தைத் தரப்போகும் தையல்காரரின் அக்கா சுவரோடு சுவராகச் சாய்ந்துவிட்டாள். வேலைக்கு ஒரு மாத விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தவள் அவள்.

மேடம் மூக்குக்கண்ணாடியைத் தேடிய இடைவெளியில் கலோரி மனைவியை ஓரமாக இழுத்தாள். "அக்கா, சாப்பாட்டுல புதுசா எதையாவது சேத்தீங்களா? பொடி, மருந்து, எதுவானாலும் சொல்லுங்க."

"புதுசா என்னம்மா? போன வாரம் ஆஸ்பத்திரி நடையில வச்சு நீதானே சொன்ன, சாதா உப்பு வேண்டாம், கடையில சோடியம் குறைஞ்ச உப்பு இருக்கு, அதைப் போடுங்கன்னு. அதைத்தான் போடறேன். உப்பு சப்பில்லாமத் தின்ன மனுஷன், அதுக்கப்புறம்தான் ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாரு."

கலோரிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் போடுவது பொட்டாசியம். இதற்கு முன் ரத்தக்கொதிப்பு வார்டில் இருந்தபோது வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வாசகம் அது. சிறுநீரகம் கெட்டவருக்கு அது விஷம் என்று மூன்றாம் ஆண்டுத் தேர்வில் அவளே எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

தாளில் எழுதித் தரவில்லை. வாய்ச்சொல்தான். அந்த உப்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று காதோடு காதாகச் சொன்னால் போதும், விஷயம் வெளியே வராது. சொல்லவும் வாயெடுத்தாள். அதற்குள் மேடத்துக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. பேனா தாளைத் தொட்டது.

"மேடம், எழுதாதீங்க."

"என்னது?"

"அவர் மேல தப்பில்ல. சோடியம் குறைஞ்ச உப்பைப் போடச் சொன்னது நான்தான்."

மனைவிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கலோரியின் கையிலிருந்து தன் முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். அவள் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கலோரிக்கு.

மேடம் கத்தவில்லை. டயாலிசிஸ் அறைக்குப் போன் செய்து, உடனே மெஷினைத் தயார் செய்யச் சொன்னார். "இனிமே சாப்பாட்டால ஏற வழியில்ல. ஆபரேஷன் தேதி அப்படியே இருக்கட்டும்னு டாக்டர்கிட்ட நான் பேசறேன்" என்று தையல்காரரின் அக்காவிடம் சொன்னார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது தையல்காரர் தலையைத் திருப்பி, "அளவு தப்பா வெட்டிட்டியே பாப்பா" என்றார். அதில் கோபம் எவ்வளவு, கேலி எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

மேடம் கோப்பைக் கலோரியின் பக்கம் தள்ளினார். "நடந்ததை உன் கையால எழுது. உன் பயிற்சி என்ன ஆகும்னு நான் இப்ப சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. இந்த வார்டுல வேற யாருக்கெல்லாம் இதைச் சொன்ன?"

இதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. நடை, நாற்காலிகள், முகங்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் ஓடின. "ஒரு பஸ் டிரைவர். அப்புறம்... ஒரு ரிட்டயர்டு டீச்சர்."

நர்ஸ் இருவரின் போன் எண்களையும் தேடிக் கொடுத்தாள். டிரைவர் அந்த உப்பை வாங்கவே இல்லையாம். டீச்சர் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் டீச்சரே எடுத்தார்.

"யாரு, டயட் பொண்ணா? நல்லா இரும்மா. நீ சொன்ன உப்புல வித்தியாசமே தெரியல. என்ன, ரெண்டு நாளா காலுதான் வெலவெலன்னு இருக்கு."

பொட்டாசியம் ஏறினால் தசைகள் இப்படித்தான் தளரும்.

"டீச்சர், நான் சொன்னது தப்பு. அந்த உப்பை இனிமே தொடாதீங்க. பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்களக் கூட்டிக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. போனை வைக்காதீங்க, நீங்க வண்டியில ஏறற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."